சம்பந்தி வீட்டு ரிவால்வர் சாவி

தம்பி,

கவரைப் பிரித்ததும் ஒரு சின்னச் சாவி கீழே விழுந்திருக்கும். அது எந்தச் சாவி என்று பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். உன் மாமனார் வீட்டில் சோபாவைப் புரட்டி, மெத்தையை உதறி, குப்பைக்கூடையைக் கொட்டித் தேடினீர்களே, அந்தச் சாவிதான். அவருடைய ரிவால்வருக்குள்ளேயே வைத்துச் செய்திருக்கிற பூட்டின் சாவி. இத்தனை நாளும் இங்கே மாயாபந்தரில் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்தவன் நான். ஏன் எடுத்தேன், எடுத்ததை ஏன் சொல்லவில்லை என்று எழுதத்தான் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். நாளை போர்ட் பிளேர் போகிற பஸ்ஸில் நம் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உனக்கு ஒரே ஒரு நிபந்தனை. இதைத் தனியாகப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. போர்ட் பிளேரில் உன் மாமனாரின் ஷாதிபூர் வீட்டு ஹாலில் சம்பந்தி, சம்பந்தியம்மா, மருமகள் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படி. பேத்தியும் பக்கத்தில் இருக்கட்டும்.

பெரிய விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமனார் மேல் பொறாமை. லேசுபாசான பொறாமை இல்லை, வயிறு எரிகிற பொறாமை. சம்பந்தி, நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மேல் சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டம். நீங்கள் காலையில் ஸ்கூட்டரில் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறீர்கள். சாயங்காலம் மெரினா பார்க்குக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஆரஞ்சுச் சுளையின் வெள்ளை நாரையெல்லாம் உரித்துக் கொடுக்கிறீர்கள், அதனால் இங்கே லீவுக்கு வந்தால் நான் உரித்த சுளையைத் தட்டிலேயே வைத்துவிடுகிறாள். 'என் குடும்பம்' என்று பள்ளியில் படம் வரையச் சொன்னார்களாம். அதில் மீசை வைத்த ஒரு தாத்தா இருக்கிறார். எனக்கு மீசை கிடையாது. வீடியோ காலில் அவள் என்னிடம் பேசும்போது பின்னால் உங்கள் இருமல் கேட்டால்கூட எனக்குச் சுருக்கென்று இருக்கும். இவருக்கு இருமக்கூட அந்த வீட்டில்தான் இடம் கிடைத்ததா என்று தோன்றும்.

பேத்தி விஷயத்தில் மட்டும் இல்லை, தம்பி. உன் விஷயத்திலும்தான். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சைக்கிள் டியூப் வாங்குவதென்றாலும் என்னிடம் கேட்பாய். இப்போது இன்வெர்ட்டரா, இன்சூரன்ஸா, பல் டாக்டரா, எல்லாவற்றுக்கும் "மாமாகிட்ட கேட்டேன்பா" என்கிறாய். அவரிடம் கேட்கிறாய், என்னிடம் தெரிவிக்கிறாய். அவர் படித்த இன்ஜினீயர், ரிட்டயர் ஆகியும் நாலு பேர் யோசனை கேட்டு வருகிற மனுஷன். நான் கல் குவாரி காண்ட்ராக்டர், ஜெட்டிக்கும் ரோட்டுக்கும் கல் உடைத்துக் கொடுத்தவன். வித்தியாசம் எனக்கும் தெரிகிறது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவரைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அது துப்பாக்கி. குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு காட்டுக்குள் தனியாக இருந்ததால் எனக்கு ரிவால்வர் லைசென்ஸ் கொடுத்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதிலும் அவர் முந்திக்கொண்டார், அவருடையதில் பூட்டு இருந்தது.

நீ போன் செய்த நாள் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் நினைவிருக்கிறது. உனக்கும் மருமகளுக்கும் மெயின்லேண்டில் எட்டு மாத டிரெயினிங். பேத்தியை யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்ததுமே நான் இங்கே வேலையை ஆரம்பித்துவிட்டேன். உன் அம்மா போன பிறகு பூட்டியே கிடந்த அறைக்கு வெள்ளையடித்தேன். கொசுவலை மாட்டினேன். இங்கே இருக்கிற பள்ளிக்கூட டீச்சரிடம் போய், ஒன்றாம் வகுப்பில் நடுவில் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டு வைத்தேன். நீ என்ன சொன்னாய்? "அப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல அந்தப் பழைய ரிவால்வர் இருக்கு. அதுல லாக் கிடையாது. மாமாவோடதுல உள்ளயே லாக் இருக்கு, சாவி போட்டாத்தான் ஹேமரே அசையும். அவ ஷாதிபூர்லயே இருக்கட்டும்." சரி என்று சொல்லி போனை வைத்தேன். வைத்துவிட்டு, அந்த அறைக்குப் போய்க் கொசுவலையைக் கழற்றி எறிந்தேன். நீ அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தில் உனக்குத் தெரியாத ஒரு பாதி உண்டு.

உனக்கு எட்டு வயது. குவாரிப் பக்கத்து வீட்டில் இருந்தோம். முழுப்பரீட்சை லீவு. உன் அம்மா கொல்லையில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் மதியம் சாப்பிட வந்தபோது நீ கட்டில்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரிவால்வரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாய். டிரங்குப் பெட்டியில் வேட்டிகளுக்கு அடியில் நான் வைத்திருந்தது. விரலுக்கு வலு போதாமல் இரண்டு கட்டை விரலையும் விசைமேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாய். அப்படி அழுத்த வேண்டுமென்றால் குழல் எந்தப் பக்கம் பார்க்கும் என்று யோசித்துப் பார். உன் வயிற்றைப் பார்த்திருந்தது. நான் பிடுங்கினேன், உன்னை ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்தது. அம்மா ஓடி வந்ததும், "காலியாத்தான் இருந்துச்சு, ஒண்ணும் இல்ல" என்றேன். நீ இன்றைக்கும் அதைக் கதையாகச் சொல்வாய். காலித் துப்பாக்கிக்காக அப்பா என் உதட்டைக் கிழித்தார் என்று மருமகளிடம்கூடச் சொல்லிச் சிரித்தாயாம்.

அது காலியாக இல்லை. ஐந்து தோட்டா இருந்தது. எனக்குப் பழக்கிக் கொடுத்தவர்கள், ஆறு அறையில் ஐந்தை நிரப்பி ஒன்றைக் காலியாக விடு, அந்தக் காலி அறை தோட்டாவை அடிக்கிற ஹேமருக்கு நேராக இருக்கட்டும், கைதவறி விழுந்தாலும் வெடிக்காது என்று சொல்லியிருந்தார்கள். அதுதான் என் பூட்டு என்று நிம்மதியாக இருந்தேன். விழுந்தால்தான் அது காப்பாற்றும். விசையை இழுத்தால் உருளை சுற்றி அடுத்த அறை நேராக வந்துவிடும். இது துப்பாக்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறான் என்பதோடு சேர்த்து நான் யோசித்ததே இல்லை. நான் பிடுங்கும்போது ஹேமர் பாதி எழும்பியிருந்தது. உருளை நகர ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் உனக்கு வலு இருந்திருந்தால் போதும். அன்றைக்கே தோட்டாக்களைக் குவாரி ஆபீஸ் பெட்டிக்குக் கொண்டுபோய்த் தனியாகப் பூட்டினேன், அதற்குப் பிறகு ஒரு நாளும் வீட்டில் வைத்ததில்லை. ஆனால் உன் அம்மாவிடம் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. என் முட்டாள்தனத்துக்கு நீ அடி வாங்கினாய், பொய்யையும் சேர்த்து வாங்கிக்கொண்டாய்.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன். நீ போன் செய்த அடுத்த வாரம் தேர்தல் அறிவித்தார்கள். அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் போலீஸ் தானாவில் ஒப்படைத்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு வாங்கிக்கொள்ள வேண்டும், உனக்குத் தெரிந்ததுதான். இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வயலில் மான் இறங்காமல் இருக்க நீளத் துப்பாக்கி வைத்திருக்கும் கிராமத்துக்காரர்கள். வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஹெட் கான்ஸ்டபிள் ஒவ்வொன்றாக நம்பர் பார்த்து எழுதி அட்டை கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. "இப்ப வர்ற ரிவால்வர்ல உள்ளயே பூட்டு வெச்சு வருதாமே, நீங்கள்லாம் என்ன நினைக்கிறீங்க?" என்று ஹிந்தியில் பொதுவாகக் கேட்டு வைத்தேன். அவ்வளவுதான், பெஞ்சே எழுந்து நின்றது.

ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆன பௌஜி ஒருவர், "பந்தூக் மே தாலா? தோ ஃபிர் தாலா ஹி கமர் மே பாந்த் லோ" என்றார். துப்பாக்கிக்குள் பூட்டு என்றால், பேசாமல் பூட்டையே இடுப்பில் கட்டிக்கொள்ளலாமே என்கிறார். வெபி கிராமத்திலிருந்து வந்த, பர்மா வழி கேரன் இனத்துப் பெரியவர் சத்தமே போடாமல் பேசினார். இந்த உப்புக் காற்றில் அவர் வீட்டுக் கதவுக் கீலே வருஷத்துக்கு ஒன்று போகிறதாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு ஸ்பிரிங்கை வைத்தால் அது திறந்தபடி துருப்பிடிக்குமா, மூடியபடி துருப்பிடிக்குமா, யார் கண்டது என்றார். புருஷன் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட ஒரு பெங்காலி அம்மா, ராத்திரி யாராவது கதவை உடைத்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டும், பிறகு சாவியைத் தேட வேண்டும், அதற்குள் வந்தவன் டீ போட்டுக் குடித்துவிட்டுப் போய்விடுவான் என்றாள். எல்லோரும் சிரித்தோம். ஹார்டுவேர் கடை பாய் மட்டும்தான் பூட்டின் பக்கம் பேசினார். நம் ராமநாதபுரத்துக்காரர், உனக்குத் தெரியும். "அண்ணே, எனக்கு மூணு பேரப்புள்ளைய வீட்ல இருக்கு. பூட்டு இருந்தா நல்லதுதேன். ஆனா பூட்டு இருக்கேன்னு கண்ட இடத்துல போட்டு வெச்சா, அது பூட்டு இல்லண்ணே, தூக்க மாத்திரை" என்றார். பூட்டு வேண்டாம் என்று மூன்று பேர் சொன்னதையும் நான் மனப்பாடமாக எடுத்துக்கொண்டேன். பாய் சொன்னதில் எனக்கு வேண்டியது இல்லை என்று விட்டுவிட்டேன். எனக்கு அன்றைக்குக் கருத்தா வேண்டியிருந்தது? சம்பந்தியை மடக்க நாலு வார்த்தை வேண்டியிருந்தது.

அந்த நாலு வார்த்தையோடுதான் பேத்தி பிறந்தநாளுக்கு வந்தேன். விடியற்காலை பஸ் ஏறி, கூடையில் நண்டு வைத்து, வழியெல்லாம் அது செத்துவிடாமல் ஈரச்சாக்கு போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். வந்தால், சம்பந்தி ஏற்கெனவே பிரியாணிக்குச் சொல்லியிருக்கிறார். நண்டு சமையலறை வாசலிலேயே கிடந்தது. ஹாலில் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். நாளை மறுநாள் தானாவில் கொடுக்க வேண்டும், அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள் என்று ரிவால்வரை எடுத்து வந்து காட்டினார். தோட்டாக்களை எடுத்து மேசையில் வைத்தார். பக்கவாட்டில் இருக்கிற ஊசித் துவாரத்தில் இந்தச் சாவியைச் செருகித் திருப்பினார். பூட்டிக்கொண்டதற்கு அடையாளமாக மேலே பொடியாக ஒன்று எட்டிப் பார்த்தது. "இப்ப யார் வேணும்னாலும் இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. நீயும் வாங்கிப் பார்த்தாய். "இப்படி இருக்கணும்ப்பா" என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். அந்த 'ப்பா'வை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் விடவில்லை. கேரன் பெரியவர் சொன்ன உப்புக் காற்றை எடுத்து வீசினேன். சம்பந்தி எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து, எப்படித் துடைப்பது, எப்படித் திருப்பிப் பார்ப்பது என்று மறுபடியும் முதலிலிருந்து செய்து காட்டினார். அடுத்து பெங்காலி அம்மாவின் டீயை எடுத்து வீசினேன். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு முகம் சிவந்தது. ரிவால்வரையும் சாவியையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து, "சம்பந்தி, நீங்களே எண்ணுங்க" என்றார். ஃபிரிட்ஜ் பக்கத்து ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து, டிவிக்குக் கீழே இருக்கிற டிராயரைத் திறந்து, ரிவால்வரை எடுத்து, செருகி, திருப்பி, திறந்து காட்டினார். நான் எண்ணவில்லை, வீம்பாக உட்கார்ந்திருந்தேன். பேத்திதான் குதித்துக் குதித்து எண்ணினாள். "ஏக், தோ, தீன், சார், பாஞ்ச்!" எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பிடக் கூப்பிட்டதும் சம்பந்தி ஆறு தோட்டாவையும் உள்ளே போட்டு, பூட்டி, டிராயரில் வைத்தார். சாவியை ஆணியில் மாட்டினார். நான் பார்த்தேன். தோட்டாவை எடுத்து வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே எல்லோர் முன்னாலும் தோற்றிருந்தேன், இன்னொரு முறை வாயைக் கொடுக்க மனம் இல்லை.

சாப்பிட்ட பிறகு நீங்கள் எல்லோரும் உள்ளே படுத்துவிட்டீர்கள். நான் ஹாலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள், எனக்குச் சத்தம் கேட்டது, நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்து என் முன்னால் நின்று, "தாத்தா, நான் தீன்லயே திறந்துடுவேன். நீங்க கினோ" என்றாள். மூன்று எண்ணுவதற்குள் திறந்துவிடுவாளாம், நீங்கள் எண்ணுங்கள் என்கிறாள். ஒரு கைக்குள் இந்தச் சாவி. இன்னொரு கை டிராயர் பிடியில். ஆறு வயதுப் பிள்ளைக்கு எங்கே சாவி, எங்கே துவாரம், எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் எல்லாம் தெரிந்திருக்கிறது. யார் சொல்லிக்கொடுத்தது? சம்பந்தி காட்டினார், ஆனால் ஒரு தடவை காட்டி நிறுத்தியிருப்பார். ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு மூன்று தடவை காட்ட வைத்தது நான்தான். என் வீம்புதான் அவளுக்கு வகுப்பு எடுத்தது. மெல்ல அவள் கையைப் பிரித்து சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். அவள் தலையில் சாம்பிராணி வாசனை வந்தது.

அடுத்து நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கூசுகிறது. பயம் ஒரு நிமிஷம் இருந்தது. அது தணிந்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பூட்டு வைத்த வீட்டில்தான் இந்தக் கூத்து, பூட்டில்லாத என் வீட்டில் இருபத்தைந்து வருஷமாக ஒரு தோட்டா கிடையாது, இதைச் சொன்னால் தம்பி என்ன சொல்வான் பார்க்கலாம் என்று நினைத்தேன். அப்போதே சம்பந்தியை எழுப்பியிருக்க வேண்டும். உன்னை எழுப்பியிருக்க வேண்டும். எழுப்பினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், சம்பந்தி சாவியை வேறு இடத்தில் வைப்பார், பேத்தி அங்கேயே இருப்பாள். எனக்கு அது போதவில்லை. உன்னிடம் தனியாகச் சொல்லி, "நீங்க சொன்னது சரிப்பா, உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று உன் வாயால் கேட்க வேண்டும். அதனால் பேத்தியிடம், "இது நம்ம ரெண்டு பேருக்கும் ரகசியம். சாவி தாத்தாகிட்ட இருக்குன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றேன். "நானாகிட்டயும்?" என்று கேட்டாள். அவரை அவள் நானா என்றுதான் கூப்பிடுகிறாள். "நானாகிட்டயும் கூடாது." "பக்கா பிராமிஸ்" என்று என் உள்ளங்கையில் அடித்தாள். அவளுக்கும் எனக்கும் மட்டும் என்று ஒன்று கிடைத்ததே என்று எனக்குக் கொள்ளை ஆனந்தம். அன்று சாயங்காலம் முழுக்க நீ உன் மாமாவோடு கேரம் ஆடினாய், தனியாகக் கிடைக்கவே இல்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் உன் போன் வந்தது. "அப்பா, மாமாவோட ரிவால்வர் சாவியக் காணோம். கூட வந்த இன்னொண்ணும் முன்னாடியே தொலைஞ்சு போச்சு. தானால ஒரே கேலி, பூட்டினது பூட்டினபடியே கொடுத்துட்டு வந்தோம்" என்றாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சம்பந்தி நாலு பேர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றதைக் கற்பனை செய்து சிரித்தேன். சொல்ல வேண்டியதை அப்போது சொல்லலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் நீ, "எல்லாம் இவ வேலைதான். சேர் போட்டு ஏறினத மாமி உள்ளேருந்து அரைத்தூக்கத்துல பாத்திருக்காங்க. எங்கடி போட்டேன்னா வாயத் திறக்க மாட்டேங்குறா. நாலு தடவ கேட்டுட்டு ரெண்டு போட்டேன். அப்பவும் ஒரு வார்த்த வரலயேப்பா, என்ன அழுத்தம்!" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்காது. "அங்க மழ பெய்யுதா?" என்று கேட்டேன். அறுபத்தெட்டு வயது. மழை பெய்கிறதா என்று கேட்டேன்.

இவ்வளவு நாளாக அதற்கு மேல் வாய் வரவில்லை. சொன்னால் சாவி திருடியவன் ஆவேன், பேத்தியை அடி வாங்க விட்டவன் ஆவேன், அதற்குப் பிறகு நீ அவளை இந்தப் பக்கமே அனுப்ப மாட்டாய் என்று பயந்தேன். இப்போது தேர்தல் எல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சம்பந்தி மெயின்லேண்டிலிருந்து புதுச் சாவி வரவழைக்கிறார் என்று மருமகள் சொன்னாள். அது அதே ஆணியில்தான் தொங்கும், ஆறு தோட்டாவும் அதே டிராயருக்குத்தான் போகும். நீயும் மருமகளும் வியாழக்கிழமை கப்பலில் இருப்பீர்கள். இனிமேலும் நான் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை.

சம்பந்தி, உங்கள் பூட்டு நல்ல பூட்டு. நான் பேசியதெல்லாம் வயிற்றெரிச்சலில் பேசியது. பூட்டு இருக்கட்டும். ஆனால் தோட்டாவை அதோடு வைக்காதீர்கள், வேறு பெட்டியில், வேறு அறையில் வையுங்கள். சாவி உங்கள் உடம்பை விட்டு இறங்கக் கூடாது. தயவுசெய்து யாருக்கும் இனிமேல் திறந்து காட்டாதீர்கள், நானே வந்து கேட்டாலும் காட்டாதீர்கள். நீங்கள் உள்ளே ஒரு பூட்டை நம்பினீர்கள், நான் ஒரு காலி அறையை நம்பினேன், என் பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தானே, அப்படி ஒரு கோலத்தை நீங்களும் பார்க்க வேண்டாம்.

தம்பி, என் ரிவால்வரை இனி வாங்கப் போவதில்லை. எனக்கு வேண்டாம், லைசென்ஸையும் முடித்துக்கொள்கிறேன் என்று நேற்று தானாவில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹெட் கான்ஸ்டபிள், "கியோன் சாச்சா?" என்று காரணம் கேட்டார். வயசாகிவிட்டது என்றேன். உனக்குச் சந்தேகம் வரும். அப்பா இதையெல்லாம் பேத்தியைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளத்தான் சொல்கிறார், சாவிக் கதையையும் அதற்காகத்தான் ஜோடிக்கிறார் என்று தோன்றும். உன் இடத்தில் இருந்தால் எனக்கும் தோன்றும். பொறாமைப்படுகிறவன் உண்மையைச் சொன்னாலும் அது பொறாமையாகத்தான் கேட்கும். அதனால் சொல்கிறேன், அவளை இங்கே அனுப்ப வேண்டாம். நீயே அனுப்புகிறேன் என்றாலும் நான் கூப்பிட வர மாட்டேன். எட்டு மாதமும் அவள் ஷாதிபூரிலேயே, அவள் நானாவிடமே இருக்கட்டும். இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. இப்போதாவது நான் சொன்னதை நம்பு, டிராயரைப் பார்.

உனக்கு ஒரு புத்திமதியும் உண்டு. பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால் அதற்கு அழுத்தம் என்று பெயர் வைத்து அடித்துவிடாதே. நான் உன் உதட்டைக் கிழித்தபோது உன்மேல் தப்பு இல்லை, நீ அவளை அடித்தபோது அவள்மேல் தப்பு இல்லை. இரண்டு தடவையும் தப்பு செய்தவன் நான்தான், ஒரு தடவைகூட எனக்கு அடி விழவில்லை.

எந்தத் தாத்தாவை அவளுக்கு அதிகம் பிடிக்கும் என்று ஆறு வருஷமாக ஜாடைமாடையாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ நாலு தடவை கேட்டிருக்கிறாய், இரண்டு அடி அடித்திருக்கிறாய், அவள் என் பெயரைச் சொல்லவில்லை. இப்படி ஒரு பதிலை நான் கேட்கவில்லையே, தம்பி. இதற்கு அவளுக்கு என்னைப் பிடிக்காமலே போயிருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் முதல் காரியமாக அவளை உன் பக்கத்தில் அழைத்துக்கொள். சாவியைத் தாத்தாவே கொடுத்துவிட்டார், இனிமேல் நீ சொல்லலாம் என்று சொல்.

அப்பா